தீட்டு வேறு, தொற்று வேறு

தாம்பரத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாடி சானடோரியம். காசநோய்க்காரர்களுக்காக டாக்டர் சௌரி முத்து 1928-ல் அங்கே தொடங்கிய ஆஸ்பத்திரியின் பெயர்தான் ஸ்டேஷனுக்கும் பெயராகிவிட்டது. ஊரைவிட்டுத் தள்ளி, மலையடிவாரத்தில் இடம் பார்த்தார்கள். தள்ளிவைக்கிறதுன்னா என்னன்னு நமக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். 1937-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்தார்கள். வேறு இடங்களில் வாசலோடு விரட்டப்பட்டவர்கள் வந்தார்கள், பிள்ளைகளும் வந்தார்கள்.

எச்.ஐ.வி. வந்த பிறகுதான், 1987-ல், அமெரிக்காவில் ஒரு விதி பரவலாக வகுக்கப்பட்டது: ஆள் யாரென்று பார்க்காதே, எல்லார் ரத்தத்துக்கும் ஒரே எச்சரிக்கை. தீட்டு இதுக்கு நேர்மாறு. அது ஆளை மட்டும்தான் பார்க்கும்.

தொற்று யார் கையில் வருகிறது? 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் இதைத்தான் கேட்டார். மருத்துவச்சிகள் பயின்ற பிரசவ வார்டைவிட, டாக்டருக்குப் படித்தவர்கள் பயின்ற வார்டில் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள். பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்திருக்கிறார்கள். குளோரின் கரைசலில் கை கழுவவைத்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஆகஸ்டில் இரண்டுக்குள் இறங்கியது. ஆனாலும் பெரிய டாக்டர்கள் பலர் ஏற்கவில்லை. கனவானின் கை எப்படி அசுத்தமாகும்! இங்கேயும் வெள்ளைக்கார டாக்டர்கள் நம்ம மருத்துவச்சிகளைத்தான் 'அழுக்குக் கை' என்று எழுதிவைத்தார்கள்.

சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் 1871-லேயே பயிற்சி தொடங்கியும், மலம், சீழ் தொடுகிற வேலை என்று மேல்சாதிப் பெண்கள் நர்சு வேலைக்கு வரவில்லை. ரொம்ப காலம் கிறிஸ்தவப் பெண்கள்தான் அந்த வேலையைச் சுமந்தார்கள்.

தாம்பரம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகள் வார்டு நர்சுகளுக்குத் தொற்றுத் தடுப்புப் பயிற்சி வைத்தார்கள். எம்.ஏ. தமிழ் என்பதால் பாடக்குறிப்பு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். "தொற்றுன்னு எதுக்கு? தீட்டுன்னு போடுங்க, சட்டுன்னு புரியும்" என்றார் ஒரு அதிகாரி. முடியாதென்றேன்.

பாடம் நல்ல பாடம். பச்சைப்பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. ஒரு தொட்டில் கிருமி அடுத்த தொட்டிலுக்குப் போவது பெரும்பாலும் கை வழியாக. பிள்ளையைத் தொடுமுன் ஒருதரம், தொட்டபின் ஒருதரம் கை சுத்தம். இருபது பிள்ளை ஒரு நர்சு பொறுப்பில் இருந்தால் நாற்பது தரம். தரத்துக்கு அரை நிமிஷம் என்றாலும் ஒரு சுற்றுக்கு இருபது நிமிஷம் கைக்கே சரி. இதுக்கு ஆள் போடணும். 2015-ல் அரசாங்கம் ஆள் போட்டது, மாசம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில். 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டையில் உட்கார்ந்து போராடவேண்டியிருந்தது.

தரை துடைக்கிற, மூத்திரத்துணி அள்ளுகிற ஆயாம்மாக்கள் எல்லாரும் கான்ட்ராக்ட். பயிற்சிக்கு அவர்கள் பெயர் பட்டியலில் இல்லை. ப்ளீச்சிங் பவுடரை எவ்வளவு தண்ணியில் கலக்கணும் என்று உள்ளே பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதை தினமும் கலக்குகிற அம்மா வெளியே, டீ டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.