தொலைக்காட்சி இணைப்பும் பழுதறிதலும்: திருநாவலூர் வட்டாரம்

வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு டெக், டிவிடி பிளேயர், செட்டாப் பாக்ஸ், ஒலிபெருக்கி முதலிய சாதனங்களைப் பூட்டும்போது படத்திலும் ஒலியிலும் தோன்றும் குறைகளைக் கண்டு, சந்தேகிக்கத்தக்க காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கி, பழுது இன்ன இடத்தில் இருக்கிறது என்று நிச்சயிக்கும் வித்தையே இங்கே இணைப்புப் பழுதறிதல் எனப்படுகிறது. சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த திருநாவலூரிலும், அதைச் சூழ்ந்த உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் கிராமங்களிலும், மேற்கே கள்ளக்குறிச்சி தாண்டிக் கல்வராயன் மலை வரையிலும், தமிழ்நாட்டின் பிற கிராமப் பிரதேசங்களைப் போலவே, இந்த வித்தை பள்ளிக்கூடங்களில் அல்லாமல் கடைத்தெரு ரிப்பேர் கடைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் கைமாறி வளர்ந்தது. இதன் சரித்திரத்தை ஊன்றி நோக்குவோருக்கு ஓர் உண்மை புலப்படும். பழைய சாதனம் தன் நோயை முகத்திலேயே காட்டிற்று. புதிய சாதனமோ அதை உள்ளே மறைத்துக்கொண்டு வாளாவிருக்கிறது. ஆகவே, கண்ணால் பார்த்து நோயறிந்த தொழிலாளி, கேள்வி கேட்டு நோயறியும் வைத்தியனாக மாற வேண்டியதாயிற்று.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15இல் ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்தில், அந்நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்கும் மிகுந்த தொலைவிலிருந்த திருநாவலூருக்கு அதன் அலைகள் ஒழுங்காக எட்டுவதற்கு வழியில்லை. ஏனெனில், அவ்வகை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்லும் இயல்புடையவை, பூமியோ உருண்டையானது. 1980களின் நடுவில் நாடெங்கும் குறைந்த திறனுள்ள ஒளிபரப்பிகள் பல நிறுவப்பட்ட பின்னரே சிற்றூர்களில் படம் என்பது நிச்சயமான வஸ்துவாயிற்று. அக்காலத்துப் பழுது அனைத்தும் கூரைமேல் இருந்தது. படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அலை வலுவற்றது என்றும், ஒருவருக்குப் பக்கத்தில் அவருடைய நிழலே இன்னொருவராக நின்றால் அலை எங்கோ மோதித் திரும்பி இரண்டாம் முறை வருகிறது என்றும், மழை பெய்தவுடன் படம் மங்கினால் தட்டையான இரட்டைக்கம்பி ஒயர் நனைந்துவிட்டது என்றும் யாவரும் அறிந்திருந்தனர். பூஸ்டர் வைத்தால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. ஆனால் பூஸ்டர், வந்த படத்தைப் போலவே வந்த இரைச்சலையும் பெருக்குமாதலால், வலுவற்ற அலை கிட்டும் இடத்தில் அதனால் விளைந்த பிரயோஜனம் சொற்பமே. ஒருவர் மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்ப, ஒருவர் வாசலில் நின்று குரல் கொடுக்க, ஒருவர் உள்ளே திரையைப் பார்த்துச் செய்தி சொல்ல, மூவர் சேர்ந்து செய்த அந்தப் பரிசோதனையே இவ்வட்டாரத்து வீடுகள் கற்ற முதல் பழுதறிதல் பாடமாகும்.

1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. ஏறக்குறைய அதே வருஷங்களில் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் திரும்பியவர்களின் பெட்டிகளில் வீடியோ கேசட் ரிக்கார்டர் வந்திறங்கியது. தமிழர் அதற்கு டெக் என்று பெயரிட்டு, வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் பார்த்தனர். இந்தப் பழக்கம் எவ்வளவு வேகமாகப் பரவிற்றென்பதற்கு, டெக் மூலம் தொலைக்காட்சித் திரையில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்துவதற்கென்றே தமிழக அரசு 1984இல் ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது தக்க சான்றாகும். பழுதறிதல் ஒரு தனி வித்தையாகத் தலையெடுத்தது டெக்கின் வருகைக்குப் பின்னர்தான். ஏனெனில், அதுவரை ஒரே பெட்டியாக இருந்தது அப்போது இரண்டு பெட்டிகளாயிற்று. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒயர் ஓடிற்று. எந்தப் பக்கத்தில் குற்றம் என்ற கேள்வி அந்த ஒயரிலேயே பிறந்தது.

டெக்கின் பழுதுகளுள் தலையாயது தரப் பேதம். இந்தியா கைக்கொண்ட பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், விநாடிக்கு 25 படங்கள். ஜப்பானும் அமெரிக்காவும் கைக்கொண்ட என்டிஎஸ்சி முறையில் 525 கோடுகள், ஏறத்தாழ 30 படங்கள். ஆகவே அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய திருமணக் கேசட்டை இங்கே போட்டால், படம் நிறமிழந்து, அடியிலிருந்து மேலாக உருண்டுகொண்டே இருக்கும். ஒலியின் பேதம் இதைவிட நுட்பமானது. இந்தியப் பெட்டி, படத்தைச் சுமக்கும் அலைக்கு 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஒலியைத் தேடும். ஹாங்காங்குக்கும் இங்கிலாந்துக்கும் செய்யப்பட்ட டெக்கோ ஆன்டெனா வழியாக அனுப்பும்போது 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஒலியை வைக்கும். அதன் பயனாகப் படம் கண்ணாடி போல் தெளிவாகத் தெரிய, பேச்சுக்குப் பதிலாக 'உஸ்' என்ற இரைச்சல் மட்டும் கேட்கும். டெக் பழுது என்று எண்ணிக் கழற்றியவர்கள் உண்மையில் பழுதற்ற ஒரு சாதனத்தைக் கழற்றினார்கள். பெட்டியில் ஏவி துவாரம் இருந்தால் ஒலியைத் தனி ஒயரில் கொடுத்துவிடுவதே இதற்கு எளிய பரிகாரம். இல்லாவிட்டால் டெக்கினுள் இருக்கும் காயிலின் கருவைப் பிளாஸ்டிக் திருப்புளியால் மெல்லத் திருப்பி 5.5க்குக் கொண்டுவர வேண்டும்.

டெக்கினுள்ளே விநாடிக்கு 25 சுற்றுகள் சுழலும் உருளையில் பதிந்த இரண்டு சிறு ஹெட்டுகள், அரை அங்குல அகலமுள்ள நாடாவில் சாய்ந்த கோடுகளாக எழுதப்பட்ட படத்தைப் படிக்கின்றன. அந்த ஹெட்டின் வாயில் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு ஒன்று அடைத்தாலும் திரை முழுவதும் வெண்புள்ளி மழை பொழியும். ஒலியோ கேட்டுக்கொண்டே இருக்கும், ஏனெனில் சாதாரண டெக்கில் ஒலியைப் படிப்பது வேறொரு நிலையான ஹெட். 'சத்தம் வருது, படம் வரல்லே' என்று வாடிக்கையாளர் சொன்ன மாத்திரத்தில், மூடியைத் திறக்குமுன்பே காரணத்தைச் சொல்லிவிடும் சாமர்த்தியம் தேர்ந்த மெக்கானிக்குகளுக்கு இருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய துணியை உருளையின்மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையை மட்டும் விரலால் சுற்றுவார்கள். துணியை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். படத்தின் குறுக்கே ஓரிடத்தில் மட்டும் கோடுகள் கிழிந்து நின்றால், நாடாவின் கோடுகளோடு ஹெட்டைப் பொருத்தும் டிராக்கிங் திருகைத் திருப்பினால் போதும். நோயும் மருந்தும் இவ்வளவு நேராகப் பொருந்திய காலம் பின்னர் வரவில்லை என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

1993 முதல் தனியார் தமிழ்ச் சானல்கள் செயற்கைக்கோள் வழியாக வரத் தொடங்கியதும், கேபிள்காரர் என்ற புதிய மனிதர் ஊருக்குள் தோன்றினார். மின்கம்பத்துக்கு மின்கம்பம் தொங்கிய கேபிள் ஒயர், ஊரின் வீடுகள் அனைத்தையும் மின்சார சம்பந்தத்தால் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டது. அதிலிருந்து ஒரு விசித்திரமான பழுது பிறந்தது. கேபிளின் உறைக்கம்பி ஒரு வீட்டு நிலத்தொடர்பையும் இன்னொரு வீட்டு நிலத்தொடர்பையும் சேர்க்கும்போது, இரண்டுக்கும் நடுவிலுள்ள சிறு மின்னழுத்த வேறுபாட்டால் மின்சாரம் உறையில் ஓடி, திரையில் அகலமான நிழற்பட்டை ஒன்று மெல்ல ஏறும். ஒலிபெருக்கியில் 'ம்ம்ம்' என்ற முனகல் கேட்கும். வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை மாறுகிறது, நம் படமும் விநாடிக்கு 50 அரைப்படங்களாக வரையப்படுகிறது. இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருப்பதால்தான் பட்டை ஓடாமல் ஊர்கிறது. கேபிள் ஒயரைப் பிடுங்கிப் பார்த்து முனகல் நின்றால், குற்றம் பெட்டியிலும் இல்லை, ஆம்ப்ளிஃபயரிலும் இல்லை. ஒரு நிமிஷத்தில் முடியும் இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் பெட்டியைச் சைக்கிளில் கட்டி உளுந்தூர்ப்பேட்டைக்குக் கொண்டுபோவது வீண் சிரமம்.

அடுத்து வந்த விசிடி, டிவிடி யுகத்தில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்ற மூன்று பின்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் அறிமுகமாயின. மஞ்சள் படத்துக்கு, சிவப்பு வலது ஒலிக்கு, வெள்ளை இடது ஒலிக்கு என்ற நிறபேதம் எழுத்தறியாதவருக்கும் விளங்கியது. 2006இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் 14 அங்குலப் பெட்டிகள், அதுவரை தொலைக்காட்சி இல்லாதிருந்த குடிசைகளிலும் நுழைந்தன. அவற்றின் பின்னே விலை மலிந்த டிவிடி பிளேயர்களும் வந்தன. மஞ்சள் பின்னைப் பச்சை நிறத் துவாரத்தில் செருகிவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும் என்பதும், பிளேயரை டெக் வழியாக வளைத்துக் கொண்டுபோனால் நகலெடுப்பைத் தடுக்கும் குறியீட்டினால் படம் மாறி மாறி வெளுத்து இருளும் என்பதும் இக்காலத்து அனுபவங்கள்.

ஆனால் அநேகரை ஏமாற்றிய பழுது ஒன்று உண்டு. அதைச் சற்று விரித்துச் சொல்வது தகும். புதிதாக வாங்கிய டிவிடியைப் போட்டதும் பாட்டும் சண்டைச் சத்தமும் கணீரென்று கேட்கின்றன, கதாநாயகன் வாயைத் திறந்தால் மட்டும் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தேய்ந்து ஒலிக்கிறது. தட்டு பழுது என்பார் ஒருவர். பெட்டியின் ஸ்பீக்கர் போயிற்று என்பார் மற்றொருவர். உண்மை யாதெனில், அத்தட்டில் ஒலி ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் தாழ்ந்த ஒலிக்கென ஒரு தனிப்பெட்டிக்கும் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது. பேச்சின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கு உரியது. நம் வீட்டிலோ சிவப்பும் வெள்ளையுமாக இரண்டே ஒயர்கள் முன்பக்கத் துவாரங்களில் மாட்டியிருக்கின்றன. இல்லாத நடு ஸ்பீக்கருக்குப் பேச்சு போய்க்கொண்டே இருக்கிறது. பிளேயரின் ஒலி அமைப்பில் 5.1 என்றிருப்பதை ஸ்டீரியோ என்று மாற்றியதும் கதாநாயகன் வாய்திறந்து பேசுவான். திரையில் மறைந்திருந்த ஒரு வரிக்காகப் பெட்டியையே கழற்றவேண்டி வந்த முதற்பழுது இதுவென்று கருதலாம். பழுது, ஒயரிலிருந்து அமைப்புப் பட்டியலுக்குக் குடிபெயர்ந்தது.

மலைப்பிரதேசத்தின் கதை சற்று வேறு. கல்வராயன் மலையின் மடிப்புகளில் அமைந்த ஊர்களில், தரைவழி அலையை மலையே மறைத்தது. ஆகையால் தூர்தர்ஷன் 2004இல் தொடங்கிய கட்டணமில்லாத டிஷ் சேவை அங்கே மிகவும் பயன்பட்டது. இச்சேவையின் செயற்கைக்கோள் 93.5 பாகை கிழக்குத் தீர்க்கத்தில் நிற்பதால், நம் வட்டாரத்திலிருந்து அது தென்கிழக்கே வானத்தின் உயரத்தில் இருக்கிறது. பக்கத்து மலை அதை மறைப்பது அபூர்வம். மரக்கிளையும் கனமழையுமே அங்கே பகைவர்.

2017இல் அரசு கேபிள் நிறுவனம் செட்டாப் பாக்ஸ்களை வழங்கத் தொடங்கிய பின், இவ்வட்டாரத்துப் படம் எண்முறைக்கு, அதாவது டிஜிட்டலுக்கு, மாறிற்று. அதோடு தட்டையான புதிய பெட்டிகளும், அவற்றின் பக்கவாட்டில் எச்டிஎம்ஐ என்ற 19 பின் கொண்ட துவாரமும் வந்தன. எச்டிஎம்ஐயின் முதல் விவரக்கூற்று 2002 டிசம்பரில் வெளியிடப்பட்டது. படமும் ஒலியும் ஒரே ஒயரில் செல்கின்றன என்பது அதன் பெருமை. ஆனால் அந்த ஒயரில் படம் புறப்படுமுன் ஒரு சம்பாஷணை நடக்கிறது. 'நீ எத்தனை கோடுகள் காட்டுவாய், எவ்வகை ஒலியை ஏற்பாய்' என்று பாக்ஸ் கேட்கிறது. பெட்டி தன் லட்சணங்களைச் சொல்கிறது. பின்னர் காப்புக் குறியீட்டின் சாவியை இருவரும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். இச்சம்பாஷணை முறிந்தால் திரை கறுப்பாகவே நிற்கும். அந்தக் கறுப்புக்குப் பத்துக் காரணங்கள் இருக்கலாம். முகத்தில் ஒன்றும் எழுதியிராது. எல்லாவற்றையும் நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிஷம் பொறுத்து, முதலில் தொலைக்காட்சியையும் பின்னர் பாக்ஸையும் போடுவது மந்திரமன்று. சம்பாஷணையை முதலிலிருந்து தொடங்கிவைப்பதேயாகும்.

ஒலி வராமைக்குப் பெரும்பான்மையான காரணம் இக்காலத்தில் மொழிபேதமே. பெட்டி டால்பி முறையில் ஒலியை அனுப்ப, பழைய ஹோம் தியேட்டருக்கு அது புரியாமல் போய்விடுகிறது. பெட்டியின் அமைப்பில் பிசிஎம் என்று மாற்றினால் கேட்கும். சவுண்டுபாரை ஏஆர்சி என்று எழுதிய துவாரத்தில் செருகாமல் பக்கத்துத் துவாரத்தில் செருகினாலும் இதே மௌனந்தான். எச்டிஎம்ஐயிலிருந்து மூன்று பின்னுக்கு மாற்றும் சிறு பெட்டிகளை வாங்குவோர், அவை ஒரு திசையிலேயே வேலை செய்யும் என்பதையும், அவற்றுக்குத் தனியே 5 வோல்ட் மின்சாரம் வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். உதடும் பேச்சும் பொருந்தாத குறையும் எண்முறையின் உடன்பிறப்பே. ஒலி முந்தினால் 45 மில்லிவிநாடியிலேயே மனிதன் கண்டுகொள்கிறான் என்றும், பிந்தினால் 125 வரை கண்டுகொள்வதில்லை என்றும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. இடி எப்போதும் மின்னலுக்குப் பின்னே வருவதைக் கேட்டுப் பழகிய காதல்லவா!

ஓர் அபாயத்தை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். இரண்டு பின் பிளக்குள்ள பாக்ஸின் உலோகப் பாகத்தைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஒரு கடி உணரப்படும். உள்ளிருக்கும் மின்தேக்கியின் வழியே கசியும் மின்சாரம் நிலத்துக்குப் போக வழியின்றி உடம்பின் வழியே போவதே காரணம். சாதாரணமாக அது மனிதனைக் கொல்லாது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் எச்டிஎம்ஐ ஒயரைச் செருகும் கணத்தில் அதே கசிவு ஒரு நுண்ணிய பின்னின் வழியே பாய்ந்து துவாரத்தை எரித்துவிடக் கூடும். எனவே செருகுவதற்கு முன் சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கையும் கேபிள் ஒயரையும் கழற்றிவிட வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் இடி நெருங்குமுன்பே செய்ய வேண்டியதும் அதுவே.

உலகில் கடைசியாக டெக் தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்திற்று. ஆயினும் 1980களிலும் 90களிலும் எடுத்த திருமணக் கேசட்டுகள் இன்றும் வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அவற்றை எண்முறைக்கு மாற்றித் தரும்படி கேட்போர் இருக்கின்றனர். மாற்றுமுன் கேசட்டின் சிறு ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பார்க்க வேண்டும். மாவு தூவியதுபோல் வெண்பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடக் கூடாது, போட்டால் ஹெட்டும் கெடும், நாடாவும் அறும். சுத்தமான நாடாவாயின், கணினியின் அமைப்பில் பால் என்று வைத்து, மஞ்சள் பின்னைச் செருகி, படத்தின் அடியில் கோடுகள் நடுங்கினால் டிராக்கிங் திருகை மெல்லத் திருப்ப வேண்டும். கோடு கீழே இறங்கி மறைந்ததும், நாற்பது வருஷத்துக்கு முந்திய பந்தலும் மாலையும் நாதஸ்வரமும் திரையில் தெளிந்து நிற்கும்.