நிலத்துக்குள் வைத்த உஷ்ணமானி

ஆலப்புழையில் வர்த்தக ஏஜெண்டாக இருந்துகொண்டே ஆகாயத்தில் மனத்தைப் பறிகொடுத்திருந்த ஜான் கால்டிகாட் என்னும் ஆங்கிலேயரின் விருப்பமும், சங்கீதத்தைப் போலவே சாஸ்திரங்களிலும் ரசனை கொண்டிருந்த ஸ்வாதித் திருநாள் மகாராஜாவின் ஆதரவும் கூடியதன் பயனாக, 1837-ல் திருவனந்தபுரத்துக் குன்றொன்றின்மேல் வானாராய்ச்சி நிலையம் ஒன்று எழுந்தது. ஊரார் அதை நட்சத்திர பங்களா என்றே வழங்கினார்கள். பெயருக்கேற்ப அது நட்சத்திரங்களைப் பார்த்தது உண்மையே. எனினும் உஷ்ணத்தை அளப்பதில் அது செய்த காரியமே எனக்கு அதிக விசேஷமாகத் தோன்றுகிறது.

தென்னமெரிக்காவில் சஞ்சரித்த பூஸிங்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, பூமத்திய ரேகைப் பிரதேசங்களில் நிழலான இடத்தில் ஓர் அடி ஆழம் தோண்டினாலே வருஷம் முழுவதும் மாறாத உஷ்ணம் கிடைத்துவிடும் என்று சொல்லியிருந்தார். எடின்பரோவில் பேராசிரியர் ஃபோர்ப்ஸ் நீண்ட தண்டுகளையுடைய உஷ்ணமானிகளைப் புதைத்து நடத்திவந்த சோதனையை முன்மாதிரியாகக் கொண்ட கால்டிகாட், திருவனந்தபுரத்துச் செம்பாறை மண்ணில் 3, 6, 12 பிரெஞ்சு அடி ஆழங்களில் (பிரெஞ்சு அடி நம் அடியைவிடச் சற்றே பெரிது) உஷ்ணமானிகளை இறக்கி, 1842 மே முதல் 1845 டிசம்பர் வரையில் கணக்கெடுத்தார். ஓர் அடி என்ன, அதனினும் எத்தனையோ ஆழத்தில்கூட, உஷ்ணம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவதையே அவை காட்டின. மேலே உறைக்கும் வெயில் உள்ளே தாமதித்தும் தணிந்தும் போய்ச் சேர்கிறதேயன்றி, சேராமல் நின்றுவிடுவதில்லை. பூமியைத் தேடி ஆழத்தில் புகுந்த வராகமூர்த்திக்கு, ஸ்ரீவராகம் என்னும் பகுதியில் கோயிலும் பெரிய குளமும் அமைத்துக் கும்பிடும் ஊர்க்காரர்களுக்கு, உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும் என்ற இந்த யோசனை அந்நியமாகப் பட்டிருக்காது.

 

உள்ளே இறங்கிப் பார்த்தாலொழிய உள்ளுஷ்ணம் தெரியாது என்பது யந்திரங்களுக்கும் பொருந்தும். இன்று ஸ்ரீவராகத்து வீடுகளில், மாசி பங்குனி மத்தியானங்களில், மடிக்கணினி கொதித்து, விசிறி இரைந்து, எழுத்து ஊர்ந்து வரும்போது, நாம் செய்வது அதன் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்ப்பதுதான். கை சொல்வதோ மேற்பரப்பின் செய்தி. அதுவும் காலங்கடந்த செய்தி. உள்ளே சிலிக்கன் சில்லு 90 பாகையைத் தாண்டிவிட்ட வேளையிலும் வெளிக்கூடு அதில் பாதியளவே சுட்டுக்கொண்டிருக்கக் கூடும். இதை உணர்ந்தே, 2006 முதல் இன்டெல் கோர் வகைச் சில்லுகளின் ஒவ்வொரு கருவுக்குள்ளும் ஓர் உணரியைப் பதித்தார்கள். அந்த உணரி இத்தனை பாகை என்று நேராகச் சொல்வதில்லை. பெரும்பாலும் 100 பாகையை ஒட்டி நிர்ணயித்த எல்லைக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதையே சொல்கிறது. கழித்து விடை காண்பது மென்பொருளின் வேலை. லினக்ஸில் ‘சென்சார்ஸ்’ என்ற கட்டளையும், விண்டோஸில் அதற்கென்று நிறுவிக்கொள்ளும் சிறு செயலிகளும் அதைச் செய்கின்றன. எல்லை நெருங்கினால் சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் யந்திரம் அணைந்துபோகும்.

விசிறி எவ்வளவு சுழன்றாலும் அறையின் காற்றைவிடக் குளிர்ந்த காற்றை அதனால் தர முடியாது; ஆகையால் 33 பாகை மத்தியானத்தில் அளவு சற்று ஏறி நிற்பது இயல்பே. சும்மா இருக்கும்போதே 70, 80 என்று காட்டுமானால், பின்னணியில் ஏதேனும் செயலி ஓயாமல் ஓடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் மடிக்கணினியை மெத்தையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்து, அப்போதும் இறங்காவிட்டால் பின்மூடியைக் கழற்றித் தூசு தட்டி, சில்லின்மேல் பூசியிருக்கும், உஷ்ணத்தைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதையும் மாற்றித் தரச் சொல்லிக் கடையில் கொடுப்பதே வழி.