கிழக்கு ஸ்மித்ஃபீல்டு இடுகாடு

லண்டன் கோபுரத்துக்கு அருகே, 1348–49 கொள்ளைநோயில் மாண்டவர்களுக்கென்றே திறக்கப்பட்ட இடுகாடு. 1980களில் அகழப்பட்டது. பிணங்களை வாரிக் கொட்டியிருப்பார்கள் என்றே நினைக்கத் தோன்றும். மண் வேறு கதை சொன்னது. நீண்ட குழிகளில் ஐந்தடுக்கு வரை உடல்கள் இருந்தும், கிறித்தவ முறைப்படி தலை மேற்கே, கால் கிழக்கே என ஒழுங்காகக் கிடத்தியிருந்தார்கள். பெரியவர்களுக்கு நடுவே இருந்த இடுக்குகளில் குழந்தைகள். பலருக்குத் தனிக்குழி, சிலருக்குச் சவப்பெட்டி.

அதே கொள்ளைநோய்க் காலத்தில், பாதிரியார்கள் கிடைக்காததால், இங்கிலாந்தின் பாத்-வெல்ஸ் மறைமாவட்ட ஆயர் 1349 ஜனவரியில் ஓர் அனுமதி தந்தார்: சாகக் கிடப்பவர் சாதாரண விசுவாசியிடம், வேறு வழியில்லையெனில் பெண்ணிடம்கூட, பாவஅறிக்கை செய்யலாம். அன்றைய திருச்சபையில் இது சின்னச் சலுகையல்ல.

1350இல் மன்னர் மூன்றாம் எட்வர்ட் கிழக்கு ஸ்மித்ஃபீல்டில் ஒரு துறவுமடம் நிறுவினார். 2011இல், இந்த இடுகாட்டில் புதைக்கப்பட்டவர்களின் பற்களிலிருந்து கொள்ளைநோய்க் கிருமியின் மரபணுத்தொகுதி மீட்கப்பட்டது.