பதினைந்து லட்சம் ஆண்டும் ஒரு குங்குமப் பொட்டும்

1863 செப்டம்பர் 28. ராபர்ட் புரூஸ் ஃபூட், வில்லியம் கிங் என்ற இரு நிலவியலாளர்கள் கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்துக்கு வந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் மனிதக் கை செதுக்கிய ஒரு கல்லை ஃபூட் கண்டெடுத்திருந்தார். இங்கேயோ ஓடை அரித்த கரையெங்கும் கைக்கோடரிகள் கிடந்தன. ஊர்க்காரர்கள் தினமும் தாண்டிப் போகும் கற்கள்தாம். அவற்றைக் கருவி என்று அடையாளம் கண்டு எழுதிவைத்தது அன்றைக்குத்தான்.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். டார்வினின் நூல் வந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆங்கில விவிலியப் பதிப்புகள் பலவற்றில், உலகம் கிறிஸ்துவுக்கு 4004 ஆண்டுகளுக்கு முன் படைக்கப்பட்டது என்ற கணக்கைப் பக்க ஓரத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஃபூட்டின் மாமனார் யார் தெரியுமா? பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். பின்னாளில் சென்னையில் ‘தினவர்த்தமானி’ நடத்தியவர். மாமனார் வேதத்தைத் தமிழில் தந்தார். மருமகனோ அந்த ஓரக் கணக்குக்குள் அடங்காத கல்லை மண்ணிலிருந்து எடுத்தார். நாவலர் சைவர், விவிலியப் பணிக்குக் கைகொடுத்துவிட்டு, பிறகு பாதிரிமார்களை எதிர்த்தே எழுதினார். அறிவியல் ஒரு கட்சி, சமயம் எதிர்க்கட்சி என்று இன்று பட்டிமன்றம் வைக்கிறோமே, அந்த வசதி இவர்கள் காலத்தில் இல்லை. அந்த ஃபூட்டுக்கு ஏற்காடு தேவாலயத்திலேயே நினைவுக்கல் இருக்கிறது.

நான் தொல்லியல் படித்தவன் அல்லன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்காலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உலையிலிருந்து வரும் சாம்பிளை ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்துக் கார்பன் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று சொல்வது என் வேலை. ஆயுத பூஜையன்று அந்த இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம் வைப்போம்; வாசலில் பூசணிக்காய் உடைப்போம். மறுநாள் காலை ஸ்டாண்டர்டு சாம்பிளை வைத்து அளவைச் சரிபார்க்காமல் ஒரு ரிப்போர்ட்டும் வெளியே போகாது. பொட்டு வைத்த இயந்திரம் என்பதற்காகக் கந்தகத்தைக் குறைத்துப் போட்டவர் எங்கள் கூடத்தில் யாரும் கிடையாது.

அந்தப் பழக்கத்தோடுதான் அத்திரம்பாக்கத்துக் கணக்கையும் பார்த்தேன். சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் இருவரும் 1999 முதல் அங்கே அகழ்ந்தார்கள். அடி அடுக்கில் கிடைத்த கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் அறிவித்தார்கள். இது குத்துமதிப்பு அல்ல. வெட்டவெளியில் கிடக்கும் கல்லில் விண்கதிர் பட்டு பெரிலியம்-10, அலுமினியம்-26 என்ற இரண்டு வகை அணுக்கள் உண்டாகும். கல் ஆழப் புதைந்துவிட்டால் கதிர் படாது; புதிதாக உண்டாகாமல், இருக்கிற அணுக்கள் சிதைந்து குறைந்துகொண்டே போகும். அலுமினியம் சீக்கிரம் சிதையும், பெரிலியம் மெதுவாக. இரண்டும் எந்த விகிதத்தில் மிஞ்சியிருக்கின்றன என்று அளந்தால், கல் புதைந்து எத்தனை காலம் ஆயிற்று என்று தெரியும். மண்ணில் பதிந்திருக்கும் பழைய காந்தத் திசையையும் தனியாக அளந்தார்கள். அந்த அடுக்குகள் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மூத்தவை என்று அதுவும் சொன்னது.

இதைக் கேட்டதும் சிலர், “நம் புராணம் அன்றைக்கே சொல்லிவிட்டதே, சதுர்யுகம் 43 லட்சத்து 20 ஆயிரம் ஆண்டு ஆயிற்றே” என்பார்கள். பெரிய எண்ணைக் கற்பனை செய்யத் துணிந்த மனத்துக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் அந்த எண் எந்தக் கல்லையும் அளந்து வந்ததல்ல. தப்பென்று காட்டித் திருத்தவும் அதில் வழி கிடையாது. அறிவியலில் அப்படியல்ல. கருவிகள் கிடந்த செம்புறை (லேட்டரைட்) அடுக்குகள் கடலடியில் படிந்தவை என்று ஃபூட் முதலில் கருதினார். பின்வந்தவர்கள் மண்ணைப் பார்த்து அதை மாற்றினார்கள். அவர் பெருமை குறையவில்லை.

அதே வட்டாரத்தில் அல்லிக்குழி மலையில் குடியம் குகை இருக்கிறது. கூழாங்கற்கள் பொதிந்த செம்பாறை கூரையாகக் கவிந்து நிற்கும் இடம். 1960களில் தொல்லியல் துறையின் கே.டி. பானர்ஜி அங்கே அகழ்ந்து கற்கருவிகளை எடுத்தார். அதே குகையில் மணச்சம்மன் இருக்கிறாள்; மஞ்சளும் குங்குமமும் துலங்க, சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் கும்பிடுகிறார்கள். எப்போது மனிதர் இங்கே ஒதுங்கினார் என்பது அகழ்ந்தவரின் கேள்வி. காடு ஏறிப் போகிறவனுக்கு யார் துணை என்பது கும்பிடுகிறவரின் கேள்வி. ஒன்றின் விடையை மற்றதற்கு எழுதினால்தான் தகராறு.

பக்கத்துப் பூண்டியில் இன்னொரு சங்கதி. பார்வை இழந்து திருவெண்பாக்கத்துக்கு வந்து கண் கேட்ட சுந்தரருக்குச் சிவன் கொடுத்தது ஊன்றுகோல். அற்புதம் கேட்டவருக்குக் கருவி கிடைத்த தலம் அது. 1944இல் சென்னையின் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தபோது அந்தக் கோயில் இருந்த இடம் நீருக்குள் போயிற்று. அங்கிருந்த சிவனான ஊன்றீஸ்வரரை மேட்டுக்குக் கொண்டுவந்து புதுக்கோயில் கட்டினார்கள். சாமி இடம் மாறியதால் பக்தி குறையவில்லை, அணையும் நின்றது.

ஆனால் கல்லின் கதை வேறு. அது இடம் மாறினால் பேச்சு நின்றுவிடும். எந்த உருக்கிலிருந்து வந்தது என்று காட்டும் ஹீட் நம்பர் அழிந்துபோன பில்லெட்டை, அதாவது வார்த்த எஃகுக் கட்டையை, எந்த ஆலையும் நம்பி வாங்காது. கிடந்த அடுக்கு தெரியாத கைக்கோடரியும் அப்படித்தான், அதற்கு வயது சொல்ல எந்த ஆய்வுக்கூடத்தாலும் ஆகாது. ஆகவே அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1985 முதல் பூண்டியில் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய் அங்கே காட்டுங்கள். மணச்சம்மனைக் கும்பிடுங்கள், கற்பூரத்தைப் பாறையிலிருந்து தள்ளி வைத்து ஏற்றுங்கள். பாறையில் பெயிண்ட் அடித்துப் பேர் எழுதாதீர்கள். கீழே கிடக்கும் கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் பையில் போடாதீர்கள்.