நூற்றிருபது நாள் சர்வர்

சர்வர் என்னும் சொல் நம்மைப் போன்ற தமிழ்த்துறைக்காரர்களுக்கு நெடுங்காலம் இருவரை மட்டுமே நினைவூட்டி வந்தது. ஒருவர், உணவகத்தில் சாம்பார் வாளியோடு வருபவர். மற்றவர், 1964ஆம் ஆண்டுத் திரைப்படத்து நாகேஷ். மூன்றாவதாகவும் ஒரு சர்வர் உண்டு என்பதை 2001ஆம் ஆண்டில்தான் அறிந்தோம். நாம் முதுகலை பயின்ற நாளில் அறையைப் பகிர்ந்துகொண்ட நண்பர் இயற்பியல் முடித்தவர். மைக்ரோசாப்ட் நிறுவனம் வழங்கும் எம்.சி.எஸ்.இ. சான்றிதழுக்குப் படித்துக்கொண்டிருந்தார். பயிற்சி நூலொன்றின் பின்னட்டை உறைக்குள்ளிருந்து எடுத்த குறுந்தகடு ஒன்று எப்போதும் அவர் மேசைமேல் கிடக்கும். விண்டோஸ் 2000 சர்வர் அதில் இருந்தது. நிறுவிய நாளிலிருந்து 120 நாள் இயங்கும், பிறகு முடங்கிவிடும். அந்த நாளைச் சுவர் நாட்காட்டியில் சிவப்பு மையால் சுழித்து வைத்திருந்தார். அதைத் தேர்வு நாள் என்றே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம்.

தொழில் கற்பவனுக்குக் கைப்பழக்கம் வேண்டும்; கைப்பழக்கத்துக்குக் கருவி வேண்டும். அந்தக் கருவியை யார் தருவது என்பது பழைய கேள்வி. தச்சரின் உளியைச் சீடன் எடுத்துப் பழகினான். தமிழ் கற்றவர்கள் ஆசிரியரிடமிருந்த ஏட்டை இரவல் பெற்றுத் தம் கையாலேயே படியெடுத்தனர்; படியெடுப்பதே பாதிப் படிப்பாகவும் அமைந்தது. கணினித் தொழிலிலோ நிலைமை வேறு. கருவி ஒரு நிறுவனத்தின் உடைமை. அந்தக் கருவியில் வல்லவர் இவர் எனச் சான்று தருவதும் அதே நிறுவனம். தேர்வுக்குக் கட்டணம் பெறுவதும் அதுவே. படியெடுத்தால் குற்றம். இப்படியோர் ஏற்பாட்டில் ஏழை மாணவன் எங்கே பழகுவது என்பதற்கு அந்நிறுவனங்கள் ஆண்டுக்கொரு விடை சொல்லி வந்திருக்கின்றன. அந்த விடைகள் மாறிய கதையே இக்கட்டுரை.

1990களின் தொடக்கத்தில் அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பதில் நாவெல் நிறுவனத்தின் நெட்வேர் கோலோச்சியது. அதைப் பேணத் தெரிந்தவர்க்கு சி.என்.இ. என்ற பட்டத்தை அந்நிறுவனம் அளித்தது. பட்டம் பெற்றவர்க்கு நல்ல ஊதியம் கிடைத்ததால் பலரும் அதை நோக்கி ஓடினர். நெட்வேர் நிறுவிய கணினியை ஒருநாளும் தொடாமல், நூலை மட்டும் நெட்டுருப் போட்டுத் தேறியவர்களும் பெருகினர். அவர்களுக்குக் ‘காகித சி.என்.இ.’ என்று அமெரிக்காவில் பெயர் விழுந்தது. மைக்ரோசாப்ட் அதே வழியில் வந்தபோது அப்பெயர் ‘காகித எம்.சி.எஸ்.இ.’ என மாறியது. தேர்வில் வரும் வினாக்களையே திருட்டுத்தனமாகத் தொகுத்து விற்கும் கடைகளும் இணையத்தில் முளைத்தன.

நமக்கு இது புதிதன்று. மூலத்தின் பக்கமே போகாமல் கோனார் உரையை மட்டும் புரட்டி, நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குவோரை ஆண்டுதோறும் காண்கிறோம். (கோனார் உரையின்மேல் நமக்கு வருத்தமில்லை. மூலநூல் பல வீடுகளில் இல்லை, உரை இருந்தது.) காகிதப் பொறியாளனை எள்ளி நகையாடியவர்கள், அவன் கைக்கு எட்டியது காகிதம் மட்டுமே என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

விலையைச் சொன்னால் இது விளங்கும். விண்டோஸ் 2000 சர்வர், ஐந்து பயனர் உரிமங்களுடன், 2000ஆம் ஆண்டில் 999 டாலருக்கு வெளிவந்தது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 45,000 ரூபாய். பிற்பாடு நாம் பகுதிநேர விரிவுரையாளராகச் சேர்ந்தபோது ஓராண்டு முழுவதும் பெற்ற ஊதியம் அதைவிடச் சற்றே மிகுதி. எம்.சி.எஸ்.இ. பட்டத்துக்கு ஏழு தேர்வுகள். அவற்றின் நடுநாயகம் ‘ஆக்டிவ் டைரக்டரி’. அலுவலகத்தின் பயனர்கள், கணினிகள், அவரவர்க்குரிய அனுமதிகள் ஆகிய அனைத்தையும் ஒரே பேரேட்டில் வைத்து ஆளும் ஏற்பாடு அது. ஒற்றைக் கணினியில் அதை நிறுவிவிடலாம், கற்க இயலாது. ஆள்வதற்கு ஒன்று, ஆளப்படுவதற்கு ஒன்று எனக் குறைந்தது இரு கணினிகளேனும் வேண்டும்.

நண்பர் சேர்ந்திருந்த பயிற்சி நிலையத்தில் கணினிகள் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் மூவர். ஒருவர் விசைப்பலகையைத் தொட, இருவர் தோளுக்குப் பின்னின்று பார்ப்பர். தெருவோரக் கடைகளில் நூறு ரூபாய்க்குள் திருட்டுக் குறுந்தகடு கிடைத்த காலம் அது. பெரும்பாலோர் அதைத்தான் வாங்கினர். பயிற்சி நிலையத்தில் ஓடியதும் அதுவே என்று நண்பர் சொல்லிச் சிரிப்பார். அவர்மட்டும் நூலோடு வந்த குறுந்தகட்டையே பிடிவாதமாகப் பற்றிக்கொண்டிருந்தார். ஒழுக்கம் ஒருபுறமிருக்க, அவரது காரணம் வேறு: 120 நாளுக்கொரு முறை எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து கட்டவேண்டி வருவதால் நிறுவும் பகுதி மனப்பாடமாகிவிட்டதாம். மூன்றாம் முறை அழித்தபோது ஒரு கணக்குத் தவறிப்போய்த் தங்கையின் திருமணப் புகைப்படங்களும் சேர்ந்தே அழிந்தன. அதன்பின் ஒரு வாரம் அவர் கணினியைத் திறக்கவில்லை.

மென்பொருள் மட்டுமா காலாவதியாயிற்று? விண்டோஸ் என்.டி. 4.0 கற்றுப் பெற்ற பழைய எம்.சி.எஸ்.இ. பட்டம் 2001 டிசம்பர் 31ஆம் நாளோடு செல்லாது என்று மைக்ரோசாப்ட் அறிவித்திருந்தது. புதிதைக் கற்க உலகெங்கும் பலர் அலைந்தனர். அந்தப் பதற்றம் முற்றிய பிறகு, அவ்வாண்டு அக்டோபரில், பழைய பட்டம் செல்லும் என்று அறிவிப்பை மாற்றிக்கொண்டது.

இரண்டாம் கணினிக்கு வழி காட்டியது வி.எம்.வேர். 1998இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அந்நிறுவனம் 1999 மே மாதத்தில் ‘ஒர்க்ஸ்டேஷன்’ என்ற மென்பொருளை வெளியிட்டது. ஒரு கணினியின் வயிற்றுக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாலேயே படைத்துக் காட்டியது அது. உள்ளிருக்கும் கணினிக்குத் தான் உள்ளிருப்பது தெரியாது. தேர்வுக்குப் படிப்பவனுக்கு இது கொடுத்துவைத்த வரம். ஆனால் அதற்கும் சில நூறு டாலர் விலை. விலையின்றி வேண்டுவோர்க்கு முப்பது நாள் சோதனை. ஆக, முப்பது நாள் மென்பொருளுக்குள் நூற்றிருபது நாள் மென்பொருளை இயக்கவேண்டிய நிலை. நண்பருடைய கணினியின் நினைவகம் 128 மெகாபைட். உள்ளே இன்னொன்று விழித்தெழுவதற்குள் நாம் விடுதி உணவறைக்குச் சென்று மீளலாம்.

இந்தக் கதவு எப்போது திறந்தது என்று பார்த்தால் ஒன்று புலனாகிறது. 2003இல் மைக்ரோசாப்ட், கனெக்டிக்ஸ் நிறுவனத்திடமிருந்து ‘வெர்ச்சுவல் பிசி’யை விலைக்கு வாங்கி வி.எம்.வேருக்குப் போட்டியாக இறங்கியது. 2005 டிசம்பரில் வி.எம்.வேர் ‘பிளேயரை’ இலவசமாக்கியது. 2006 ஜூலையில் வி.எம்.வேர் சர்வரும் வெர்ச்சுவல் பிசியும் ஒரே மாதத்தில் இலவசமாயின. 2007 ஜனவரியில் வெர்ச்சுவல்பாக்ஸ் திறந்த மூலமாகவே வந்தது. மாணவன்மேல் எவர்க்கும் திடீரென்று இரக்கம் பிறந்துவிடவில்லை. இருவர் போட்டியிட்ட சந்தையில், கற்றவன் நாளை எந்தப் பெட்டியைப் பரிந்துரைப்பான் என்ற கணக்கு மேலெழுந்தது. மாணவர்க்கு விண்டோஸ் சர்வர் 2003 உள்ளிட்ட மென்பொருள்களை இலவசமாகத் தந்த ‘டிரீம்ஸ்பார்க்’ திட்டம் 2008 பிப்ரவரியில் வந்ததும் இந்தக் காற்று வீசிய காலத்தில்தான்.

டெக்நெட் சந்தாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஆண்டுக்குச் சில நூறு டாலர் செலுத்தினால் ஏறக்குறைய எல்லா மைக்ரோசாப்ட் மென்பொருளையும் சோதனைக்காகப் பெறலாம். அலுவல் பயன்பாட்டுக்கு ஆகாது என்பது மட்டுமே நிபந்தனை. நாட்காட்டியில் சுழிக்கவேண்டிய நாள் ஏதும் இல்லை. வேலையில் இருந்துகொண்டே தேர்வுக்குப் படித்தவர்கள் இதையே நம்பியிருந்தனர். 2013 ஜூலை 1ஆம் நாள், இத்திட்டத்தை நிறுத்தப் போவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. ஆகஸ்ட் 31க்குப் பின் புதிய சந்தா இல்லை. ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டு வேண்டியும் பயனில்லை. நிறுவனத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டோம். சந்தாவில் பெற்ற உரிமக் குறியீடுகளைச் சிலர் வெளியில் விற்றுக் காசாக்கினர். ஆனால் திருடனுக்காகக் கிணற்றை மூடியதில், தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்களே தவித்தனர்.

லினக்ஸின் கதை வேறாக இருந்திருக்கவேண்டும். அதை எவரும் எடுக்கலாம், படியெடுக்கலாம், பிறர்க்குக் கொடுக்கலாம். ஏட்டுச்சுவடி மரபுக்கு அணுக்கமான ஏற்பாடு. ரெட் ஹேட் நிறுவனம் 1999இல் தொடங்கிய ஆர்.எச்.சி.இ. தேர்வு, பழுதான கணினியை முன்னால் வைத்துச் சரிசெய்யச் சொல்லும் செய்முறைத் தேர்வாகப் பெயர்பெற்றது. நெட்டுரு அங்கே செல்லாது. 2003இல் ரெட் ஹேட் தன் இலவச வெளியீட்டை ஒன்பதாம் பதிப்போடு நிறுத்திக் கட்டணப் பதிப்பின் பக்கம் திரும்பியது. ஆயினும் மூலநிரல் திறந்தே இருந்ததால், தன்னார்வலர்கள் அதிலிருந்து 2004இல் ‘சென்ட் ஓஎஸ்’ஸை உருவாக்கினர். பதினாறு ஆண்டுகள் எண்ணற்ற மாணவர்கள் அதிலேயே பழகித் தேறினர். 2029 வரை பேணப்படும் என்றிருந்த சென்ட் ஓஎஸ் 8, 2021 முடிவோடு நிறுத்தப்படும் என 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் என இரு வாரிசுகள் அடுத்த ஆண்டே வந்தன. தனியொருவர் 16 கணினிகள்வரை ரெட் ஹேட்டையே இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என அந்நிறுவனமும் 2021 தொடக்கத்தில் இறங்கி வந்தது. இங்கும் போட்டிதான் கதவைத் திறந்தது. வேறுபாடு என்னவெனில், போட்டியாளர்கள் சாவியைத் தாமே வார்த்துக்கொள்ள லினக்ஸின் உரிமம் இடம் தந்தது.

வி.எம்.வேருக்கு மீள்வோம். 2023 நவம்பரில் அதை பிராட்காம் வாங்கியது. இலவச ‘ஈஎஸ்எக்ஸ்ஐ’ 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டு 2025 ஏப்ரலில் திரும்ப வந்தது. ஒர்க்ஸ்டேஷனோ முழுவதும் இலவசமாயிற்று. ஆனால் அந்நிறுவனத்தின் பயனர் குழுவில் ஆண்டுச் சந்தா செலுத்தியோர்க்கு வீட்டில் பழகுவதற்கென்று கிடைத்துவந்த உரிமங்கள், 2024 இறுதி முதல் சான்றிதழ்த் தேர்வில் தேறியவர்க்கே என்றாயின. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான்.

நண்பர் 2002இல் ஏழாம் தேர்வையும் முடித்தார். எம்.சி.எஸ்.இ. பட்டத்துக்கான தேர்வுகளை 2021 ஜனவரி 31ஆம் நாளோடு மைக்ரோசாப்ட் மூடிவிட்டது. அவர் இன்னும் அதே தொழிலில்தான் இருக்கிறார். சென்ற ஆண்டு நம் வகுப்பு மாணவி ஒருத்தி, இளங்கலைத் தமிழ் படிப்பவள், இத்துறைக்குப் போக வழி கேட்டு வந்தாள். மேகக் கணினிச் சேவைகள் இலவசமாகச் சில மாதம் பழகவிடுவதை அறிந்திருந்தாள். பதிவு செய்யும்போதே கடன் அட்டை எண் கேட்டதாம். அப்பாவிடம் அது இல்லை. நண்பரோடு பேசவைத்தோம். விண்டோஸ் சர்வரின் சோதனைப் பதிப்பு இப்போது 180 நாள் இயங்கும் என்றும், அவளுடைய மடிக்கணினியின் எட்டு ஜிபி நினைவகத்தில் இரண்டு மெய்நிகர் கணினிகளை ஓட்டிவிடலாம் என்றும் விளக்கினார். வைப்பதற்கு முன், “வீட்டில் நாட்காட்டி இருக்கிறதா அம்மா?” என்று கேட்டார்.