பொது சுகாதாரம், சமூக நல ஆய்வுகளுக்கு நிதி: யார் வழங்குகிறார்கள், எப்படிப் பெறுவது?

புதுதில்லி: ஜார்க்கண்ட் மாநிலத்தின் 4 மாவட்டங்களில், காசநோயாளிகளின் குடும்பத்தினருக்கு மாதந்தோறும் தலா 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ துவரம்பருப்பும் நுண்ணூட்டச்சத்து மாத்திரைகளும் வழங்கப்பட்டன. இதனால் அவர்களுக்குக் காசநோய் ஏற்படுவது குறைகிறதா என்பதை ஆய்வாளர்கள் கண்காணித்தனர். 'ரேஷன்ஸ்' எனப் பெயரிடப்பட்ட அந்த ஆய்வு 2019 முதல் 2022 வரை நடைபெற்றது. 2,800 நோயாளிகளும் அவர்களுடன் வசிக்கும் 10,345 பேரும் அதில் இடம்பெற்றனர். கூடுதல் உணவு பெற்ற குடும்பங்களில், அது பெறாத குடும்பங்களைக் காட்டிலும் காசநோய் பாதிப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. முடிவுகள் 2023 ஆகஸ்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாகின.

இந்த ஆய்வில் புதிய மருந்து எதுவும் சோதிக்கப்படவில்லை, சோதிக்கப்பட்டது உணவு. நிதி வழங்கியது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) கீழ் இயங்கும் இந்திய காசநோய் ஆராய்ச்சிக் கூட்டமைப்பு. சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இதில் பங்கேற்றது.

நோய்க்கும் வறுமைக்கும் இடையில் நிற்கும் இத்தகைய கேள்விகள் நாட்டில் ஏராளம். முதியோர் ஓய்வூதியம் பெறுவோர் மருந்துக்கு எவ்வளவு செலவிடுகிறார்கள்? புலம்பெயர் தொழிலாளரின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி எங்கே தவறுகிறது? இவற்றை அன்றாடம் நேரில் காண்பவர்கள் மாவட்டக் கல்லூரிகளின் ஆசிரியர்கள், அரசு மருத்துவர்கள், தொண்டு நிறுவனப் பணியாளர்கள் ஆகியோரே. ஆனால் அவர்களில் பலர், தமது கேள்விக்கு எந்த அமைப்பு நிதி வழங்கும் என்பதை அறியாமலேயே விட்டுவிடுகின்றனர். கேள்வி எந்த வகையைச் சேர்ந்தது என்பதைத் தெளிவாக வரையறுத்துக்கொண்டால், அணுக வேண்டிய அமைப்பைக் கண்டறிவது எளிது.

இரண்டு கவுன்சில்கள்

இத்துறையில் மத்திய அரசின் இரு அமைப்புகள் முதன்மையானவை. ஒன்று, 1911-இல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கமாகத் தொடங்கப்பட்டு 1949-இல் பெயர் மாற்றம் பெற்ற ஐசிஎம்ஆர். இது மத்திய சுகாதார அமைச்சகத்தின் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் இயங்குகிறது. மற்றொன்று, 1969-இல் நிறுவப்பட்ட இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎஸ்எஸ்ஆர்). இது மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ளது.

உடல்நலத்தை மருத்துவத்தோடு மட்டும் சுருக்கிப் பார்க்க இயலாது என்பதை இவ்விரு அமைப்புகளும் முன்பே உணர்ந்திருந்தன. இரண்டும் இணைந்து அமைத்த ஆய்வுக் குழு, 'அனைவருக்கும் நலவாழ்வு: ஒரு மாற்று உத்தி' என்ற பொருள்படும் அறிக்கையை 1981-இல் வெளியிட்டது. எனினும் நிதி வழங்கும் நடைமுறைகள் இன்றும் தனித்தனியாகவே உள்ளன. ஆகவே ஒரே தலைப்பைக் கொண்ட ஆய்வாயினும், அதன் கேள்வியையும் முறையையும் பொறுத்தே விண்ணப்பிக்கும் இடம் அமையும்.

ஐசிஎம்ஆர் நிதி

தனது நிறுவனங்களுக்கு வெளியே பணிபுரியும் ஆய்வாளர்களுக்கு ஐசிஎம்ஆர் பல நிலைகளில் நிதி வழங்குகிறது. சிறு திட்டங்களுக்கு ரூ.2 கோடி வரையிலும், இடைநிலைத் திட்டங்களுக்கு ரூ.2 கோடி முதல் ரூ.8 கோடி வரையிலும் கோரலாம். பல ஆய்வாளர்கள் இணைந்து பணியாற்றும் மேம்பட்ட ஆராய்ச்சி மையங்களுக்கும், தேசிய முன்னுரிமைத் திட்டங்களுக்கும் தனி அறிவிப்புகள் வெளியிடப்படுகின்றன. விண்ணப்பங்கள் ஐசிஎம்ஆரின் இணையதளம் வாயிலாகவே பெறப்படுகின்றன. வரம்பும் கால அளவும் ஒவ்வோர் அறிவிப்பிலும் குறிப்பிடப்படும் என்பதால், விண்ணப்பிக்கும்போது நடப்பு அறிவிப்பையே பின்பற்ற வேண்டும்.

ஐசிஎம்ஆர் ஆய்வுகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது. ஒரு நோயின் பரவலையும் காரணத்தையும் விவரிப்பது முதல் வகை. புதிய உண்மைகளைக் கண்டறிவது இரண்டாவது. புதிய மருந்து, கருவி, முறை ஆகியவற்றை உருவாக்குவது மூன்றாவது. ஏற்கெனவே பயனுள்ளவை என நிரூபிக்கப்பட்டவற்றை மக்களிடம் கொண்டுசேர்க்கும் வழியைச் சோதிப்பது நான்காவது. சமூக நலத் துறையுடன் நெருங்கிய தொடர்புடையது இந்த நான்காம் வகையே. ஆய்வகமோ விலையுயர்ந்த கருவியோ இல்லாத கல்லூரிகளும் இதில் வலுவான திட்டத்தை முன்வைக்க முடியும்.

நிரந்தரப் பணியில் உள்ள மருத்துவர், விஞ்ஞானி, கல்லூரி ஆசிரியர் ஆகியோர் முதன்மை ஆய்வாளராக விண்ணப்பிக்கலாம். தொண்டு நிறுவனங்களும் தகுதி பெறுகின்றன. ஆனால் மத்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சித் துறையின் அங்கீகாரச் சான்று அவற்றிடம் கோரப்படுகிறது. இச்சான்று இல்லாத தொண்டு நிறுவனம், தகுதியுள்ள மருத்துவக் கல்லூரி அல்லது பல்கலைக்கழகத்துடன் இணைந்து, இணை ஆய்வாளராகப் பங்கேற்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

சுகாதார ஆராய்ச்சித் துறையும் நேரடியாகச் சில திட்டங்களைச் செயல்படுத்துகிறது. ஆய்வு மானியம், இளம் ஆய்வாளர்களுக்கான உதவித்தொகை, குடும்பச் சூழலால் பணியிலிருந்து விலகிய பெண் விஞ்ஞானிகள் மீண்டும் ஆய்வுக்குத் திரும்ப உதவும் திட்டம் ஆகியவை அவற்றில் அடங்கும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் பல்துறை ஆராய்ச்சிப் பிரிவுகளும், கிராமப்புறங்களில் மாதிரி ஆராய்ச்சிப் பிரிவுகளும் இத்துறையின் உதவியுடன் நிறுவப்பட்டுள்ளன. அருகில் இத்தகைய பிரிவு இருப்பின், புதிய ஆய்வாளர் முதலில் அதை அணுகுவது பயன் தரும்.

ஐசிஎஸ்எஸ்ஆர் நிதி

மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோ விடை காண இயலாத கேள்விகளுக்கு ஐசிஎஸ்எஸ்ஆர் பொருத்தமானது. மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தால் குடும்பக் கடன் குறைந்ததா, அங்கன்வாடிப் பணியாளரின் பணிச்சுமை எத்தகையது, மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை உரியவர்களைச் சென்றடைகிறதா போன்றவை இதற்கு எடுத்துக்காட்டுகள். பெரிய ஆய்வுத் திட்டங்கள், சிறு ஆய்வுத் திட்டங்கள், பல ஆண்டுகள் தொடரும் நெடுங்கால ஆய்வுகள் ஆகியவற்றுக்கு இக்கவுன்சில் நிதி வழங்குகிறது. முனைவர் பட்ட ஆய்வாளர்கள், பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்கள், மூத்த அறிஞர்கள் ஆகியோருக்குத் தனித்தனி உதவித்தொகைகள் உள்ளன.

இதன் தென் மண்டல மையம் ஐதராபாத்தில் செயல்படுகிறது. 1971-இல் தொடங்கப்பட்ட சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் உள்ளிட்ட பல நிறுவனங்கள் இக்கவுன்சிலின் உதவி பெறுபவை. நிதி ஆயோக் அமைப்பும் கொள்கை சார்ந்த ஆய்வுகளுக்காகப் பல்கலைக்கழகங்களுக்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் மானியம் வழங்குகிறது.

தனிநபருக்கான உதவித்தொகை

மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் இணைந்து நடத்தும் இந்தியா அலையன்ஸ், 2008-09-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அடிப்படை அறிவியலுடன் மருத்துவம், பொது சுகாதாரம் ஆகிய பிரிவுகளிலும் இது பல ஆண்டுகளுக்கான உதவித்தொகை வழங்குகிறது. இதன் மூன்றாம் கட்டத்துக்கு 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மொத்தம் ரூ.1,500 கோடியில் ரூ.1,000 கோடியை உயிரித் தொழில்நுட்பத் துறையும் ரூ.500 கோடியை வெல்கம் அறக்கட்டளையும் ஏற்கின்றன. இங்கே திட்டத்துடன் ஆய்வாளரின் திறனும் எதிர்கால நோக்கும் மதிப்பிடப்படுகின்றன, நேர்காணலும் உண்டு.

2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை (ஏஎன்ஆர்எஃப்) மற்றொரு வாய்ப்பு. ஐந்து ஆண்டுகளில் ரூ.50,000 கோடி திரட்டுவது இதன் இலக்கு. அதில் பெரும்பகுதி தனியார் மற்றும் பிற ஆதாரங்களிலிருந்து எதிர்பார்க்கப்படுகிறது. மானுடவியல், சமூக அறிவியல் ஆகியவை அறிவியல் தொழில்நுட்பத்துடன் சந்திக்கும் துறைகளும் சட்டப்படி இதன் வரம்புக்குள் வருகின்றன.

மாணவர்களுக்கு

இளநிலை மருத்துவ மாணவர்கள் ஒரு வழிகாட்டியின் கீழ் இரண்டு மாத ஆய்வை மேற்கொள்ள, ஐசிஎம்ஆர் 1979 முதல் குறுகிய கால உதவித்தொகை வழங்கி வருகிறது. முதுநிலை மருத்துவ மாணவர்களின் ஆய்வேடுகளுக்கும் நிதியுதவி உண்டு. தொகை சிறிது. எனினும் ஆய்வுத் திட்டம் எழுதுவதற்கும் நெறிமுறை அனுமதி பெறுவதற்கும் இது நல்ல பயிற்சி.

நிறுவன நிதியும் வெளிநாட்டு நிதியும்

2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, ரூ.500 கோடி நிகர மதிப்பு, ரூ.1,000 கோடி விற்றுமுதல், ரூ.5 கோடி நிகர லாபம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். நோய்த் தடுப்பு, துப்புரவு ஆகியவை அனுமதிக்கப்பட்ட பணிகளில் உள்ளன. அரசு நிதியில் இயங்கும் பல்கலைக்கழகங்கள், ஐசிஎம்ஆர் போன்ற அமைப்புகள் ஆகியவற்றின் ஆராய்ச்சிக்கும் இந்நிதியை வழங்கலாம். இந்நிதியைப் பெற்றுப் பணிகளை நிறைவேற்றும் தொண்டு நிறுவனங்கள், மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தில் 'சிஎஸ்ஆர்-1' படிவத்தின் மூலம் பதிவு செய்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு அறக்கட்டளைகளிடமிருந்து நிதி பெற, தொண்டு நிறுவனங்களுக்கு 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு அல்லது முன் அனுமதி தேவை. 2020-இல் இச்சட்டம் திருத்தப்பட்ட பின், பெற்ற நிதியை வேறொரு அமைப்புக்கு மாற்றித் தர இயலாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பெரிய அமைப்பு நிதி பெற்று, சிறு கள அமைப்புகளுக்குப் பகிர்ந்தளித்துவந்த நடைமுறை இதனால் முடிவுக்கு வந்தது. ஆகவே கூட்டு ஆய்வைத் திட்டமிடும்போதே ஒவ்வோர் அமைப்பும் தன் பங்கை எவ்வாறு பெறும் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். வெளிநாட்டுக் கூட்டுறவுடன் நடைபெறும் சுகாதார ஆய்வுகளுக்கு, சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவின் ஒப்புதலும் தேவை.

விண்ணப்பிக்கும் முன்

முதலில், கேள்வி ஒன்றாகவும் விடை காணத்தக்கதாகவும் இருக்க வேண்டும். 1956-இல் சென்னையில் ஐசிஎம்ஆர், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை தொடங்கிய ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. காசநோயாளிக்கு வீட்டிலேயே சிகிச்சை அளித்தால், சானட்டோரியத்தில் கிடைக்கும் பலன் கிடைக்குமா என்பதே அதன் கேள்வி. 193 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு, கிடைக்கும் என்று காட்டியது. 1959-இல் வெளியான அதன் முடிவுகள், குடும்பத்தைப் பிரியாமல் சிகிச்சை பெறும் வழியை உலகெங்கும் உள்ள நோயாளிகளுக்குத் திறந்துவிட்டன.

இரண்டாவதாக, மனிதர்களைக் கொண்டு நடத்தப்படும் ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். 2019-ஆம் ஆண்டின் விதிகளின்படி, உயிரிமருத்துவ, சுகாதார ஆய்வுகளுக்கான நெறிமுறைக் குழுக்கள் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். தமது நிறுவனத்தில் இத்தகைய குழு இல்லாதவர்கள், வேறு நிறுவனத்தின் குழுவை அணுகுவதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது. மருத்துவப் பரிசோதனை ஆய்வாயின், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாவதாக, மாதிரி அளவைக் கணக்கிடுவதற்குப் புள்ளியியல் வல்லுநர் ஒருவரைத் தொடக்கத்திலேயே இணைத்துக்கொள்ள வேண்டும். தரவு சேகரித்த பின் அவரை அழைத்தால், பிழையைச் சுட்டிக்காட்டத்தான் முடியும், திருத்த முடியாது.

நான்காவதாக, ஒவ்வொரு செலவுக்கும் காரணம் கூறப்பட வேண்டும். களப் பணியாளரின் ஊதியம், பயணம், மொழிபெயர்ப்பு, பங்கேற்பாளர் இழக்கும் நாள் கூலிக்கான ஈடு ஆகியவற்றை விட்டுவிட்டால், ஆய்வு பாதியில் தடுமாறும். ஆண்டுதோறும் பயன்பாட்டுச் சான்றிதழ் அளித்தால்தான் அடுத்த தவணை கிடைக்கும். எனவே நிறுவனத்தின் கணக்குப் பிரிவுடன் முன்கூட்டியே பேசிவைப்பது அவசியம்.

நிதி இல்லாமலும் தொடங்கலாம்

முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது இயல்பே. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 2019-21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு 6,36,699 குடும்பங்களின் விவரங்களைக் கொண்டது. 45 வயதைக் கடந்தோரின் உடல்நலம், வருமானம், குடும்ப ஆதரவு ஆகியவற்றை இந்திய முதுமை ஆய்வு பதிவு செய்துள்ளது. பெயர் முதலிய அடையாளங்கள் நீக்கப்பட்ட இத்தரவுகளை, ஆய்வாளர்கள் பதிவு செய்து கட்டணமின்றிப் பெறலாம். இவற்றிலிருந்து எழுதப்படும் ஒரு கட்டுரை, அடுத்த விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும் முன்னோடிச் சான்றாக அமையும்.

காசநோயாளிகளின் ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் ரூ.500 வழங்கி வந்தது. 2024 நவம்பர் முதல் அது ரூ.1,000 ஆக உயர்த்தப்பட்டது. இந்தப் பணம் எத்தனை வீடுகளில் உணவாக மாறுகிறது, எங்கே தாமதமாகிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்பவை ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆராயப்பட வேண்டியவை. அவற்றைக் கேட்கத் தகுதியானவர்கள், அந்தந்த மாவட்டத்திலேயே பணிபுரிகிறார்கள்.