பல்லுக்குள் உடைந்த கம்பி

போன மாதம் ஆழ்வார்பேட்டையில் ஒரு பல் கிளினிக்கில் ரூட் கெனால் செய்துகொண்டேன். கீழ்க் கடைவாய்ப் பல். பாதியில் மோட்டார் சத்தம் நின்றது. "சார், வேர் நல்லா வளைஞ்சிருக்கு. ஃபைல் முனை உள்ளேயே உடைஞ்சிடுச்சு" என்றார் டாக்டர். மறைக்காமல் சொன்னதே பெரிய விஷயம். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் ஒரு கேள்வி குடைந்தது: வளைவதற்கென்றே செய்த கம்பி வளைவில் ஏன் உடைந்தது?

கதை பல்லில் தொடங்கவில்லை, ஏவுகணையில் தொடங்குகிறது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் 1950-களின் இறுதியில் ஏவுகணை முனைக்கூம்புக்கு உலோகம் தேடினார். நிக்கலும் டைட்டானியமும் கிட்டத்தட்ட சரிபாதி சேர்ந்த கலவை அகப்பட்டது. அதுதான் நிட்டினால். திரும்பத் திரும்ப மடக்கினாலும் உடையாது என்று காட்ட, 1961-ல் ஒரு கூட்டத்தில் மடித்த பட்டை ஒன்றைக் கைமாற்றினார்கள். டேவிட் மஸ்ஸி என்பவர் பைப் லைட்டரால் அதைச் சூடாக்க, பட்டை தானாக நிமிர்ந்துகொண்டது. வடிவ நினைவு தெரியவந்தது இப்படித்தான்.

1970-களில் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் இதைப் பல் க்ளிப் கம்பியாக்கினார். 1988-ல் ஹர்மீத் வாலியா, பிராண்ட்லி, கெர்ஸ்டீன் மூவரும் அந்த க்ளிப் கம்பியிலிருந்தே ரூட் கெனால் ஃபைல்கள் கடைந்து சோதித்தார்கள். ஸ்டீல் ஃபைலை விட இரண்டு, மூன்று மடங்கு வளைந்து கொடுத்தது. முறுக்கையும் கூடுதலாகத் தாங்கியது. ஸ்டீல் சுமார் 1 சதவீதம் நீண்டாலே கோணிக்கொள்ளும். நிட்டினால் சுமார் 8 சதவீதம் வரை நீண்டும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். வளைந்த வேருக்குள் மோட்டார் வைத்துச் சுற்றலாம் என்ற துணிச்சல் இதனால்தான் வந்தது.

சுற்றும் ஃபைல் இரண்டு வழியில் உடையும். ஒன்று முறுக்கு: முனை மாட்டிக்கொள்ளும், மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னொன்று சோர்வு: வளைவில் கம்பியின் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். அரைச் சுற்றில் பக்கம் மாறும். நிமிஷத்துக்கு 300 சுற்று என்றால் 300 தடவை இழுப்பும் நசுக்கலும். வளைவு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு சீக்கிரம் விரிசல் விடும் என்று 1997-ல் ப்ரூயட் குழு காட்டியது. 2000-ல் மெல்போர்ன் ஆய்வாளர்கள், டாக்டர்கள் பயன்படுத்திக் கழித்த ஃபைல்களை ஆராய்ந்தார்கள். உடைந்தவற்றில் சுமார் 56 சதவீதம் முறுக்கால், 44 சதவீதம் சோர்வால் உடைந்தவை. முறுக்கில் போனால் உடைந்த இடத்தருகே புரிகள் பிரிந்திருக்கும். சோர்வில் போனால் வெளியே ஒரு அடையாளமும் இருக்காது.

அடுத்த முறை போனபோது மிச்சமிருந்த ஃபைலைக் கேட்டு வாங்கி லென்ஸில் பார்த்தேன். புரிகள் அப்படியே இருந்தன. சோர்வுதான் போலிருக்கிறது. உடையாது என்று காட்டத்தானே அன்று பட்டையைக் கைமாற்றினார்கள்!

சோர்வு ஒரே நாளில் சேர்வதில்லை. ஃபைல்களை ஸ்டெரிலைஸ் செய்து மறுபடி பயன்படுத்துவது சகஜம். அதில் கிருமி போகும், விரிசல் போகாது. "டாக்டர், இது எனக்கு முன்னாடி எத்தனை பல்லுல சுத்தியிருக்கும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "எண்ணி வைக்கலை சார்."

துண்டு உள்ளேயே இருக்கிறது. அதை ஒட்டி வழி எடுத்து, சுத்தம் செய்து அடைத்துவிட்டார். இப்போதைக்கு வலி இல்லை. நீங்கள் ரூட் கெனாலுக்குப் போவதாக இருந்தால், அந்தக் கேள்வியை மோட்டார் ஓடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.